‘பல’ என்று தேடினால் பல்லி வருகிறது

அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர். பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு, தெரிந்தவர் ஒருவர் நடத்தும் சின்ன மாத இதழுக்குக் குறுக்கெழுத்துப் புதிர் போட்டுக் கொடுக்கிறார். காசு கிடையாது, இதழ் இரண்டு பிரதி வரும். போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது, “ஏம்மா, நாலெழுத்துச் சொல், மூணாவது எழுத்து ‘ட்’, அப்படின்னு கேட்டா உன் கம்ப்யூட்டர் எடுத்துக் குடுக்குமா?” என்றார்.

பகலெல்லாம் பில்லிங் சாஃப்ட்வேர் எழுதிப் பிழைக்கிறவள் நான். “அரை மணி நேர வேலைப்பா” என்று சொல்லிவிட்டேன். மூன்று வாரம் ஆனது.

சொற்கள் வேண்டுமே, அதற்கு மதுரைத் திட்டத்தின் மின்னூல்களில் கொஞ்சம் இறக்கிக்கொண்டேன். 1998 முதல் தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து சேர்த்து வைத்திருக்கிறார்கள். பிறகு பைதான் என்ற நிரல்மொழியில் ஐந்து வரி. கோப்பைத் திற, படி, சொல் சொல்லாகப் பிரி, எண்ணு, அச்சிடு. பிரிக்கிற வேலையை ரெகுலர் எக்ஸ்பிரஷனிடம், அதாவது எழுத்துகளின் அமைப்பைச் சொல்லித் தேடும் வசதியிடம், விட்டேன். அதில் பேக்ஸ்லாஷ் போட்டுச் சின்ன டபிள்யூ போட்டால் ‘சொல்லில் வரக்கூடிய ஓர் எழுத்து’ என்று அர்த்தம். பக்கத்தில் ஒரு பிளஸ் போட்டால் அப்படிப்பட்ட எழுத்துகள் தொடர்ந்து எத்தனை வந்தாலும் சேர்த்து ஒரே சொல்லாக எடுத்துவிடும். ஆங்கிலத்தில் இதை ஆயிரம் முறை எழுதியிருப்பேன்.

வந்த பட்டியலில் ‘மரம’ இருந்தது. ‘அவன’ இருந்தது. ‘என’ மிக மேலே இருந்தது, அதற்குக் கொஞ்சம் கீழே தனியாக ஒரு ‘ற’. அப்புறம் ‘க’, ‘ட’, ‘ண’ என்று ஒற்றை எழுத்துகள் வரிசையாக. அச்சடித்து அப்பாவிடம் கொடுத்தேன், பெருமைக்கு அல்ல, எனக்கு ஒன்றும் புரியாததால்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். “ஓலைச்சுவடியிலதான் புள்ளி போட மாட்டாங்க. நீ எந்த ஓலையில இருந்தும்மா எடுத்தே?”

எனக்கு முதலில் சந்தேகம் எழுத்துரு மேல். மாற்றிப் பார்த்தேன், அதேதான். அடுத்த சந்தேகம் மூலக் கோப்பு மேல். அந்தத் தொகுப்பின் பழைய நூல்கள் ஒரு காலத்தில் தகுதரக் குறியீட்டில், அதாவது டிஸ்கியில், இருந்து பிறகு, எல்லா மொழி எழுத்துக்கும் ஓர் எண் தரும் யூனிகோடுக்கு வந்தவை. மாற்றும்போது புள்ளி உதிர்ந்திருக்கும் என்று முடிவே கட்டிவிட்டேன். அன்று ராத்திரி முழுக்க அந்த மாற்றத்தைப் பற்றியே படித்துக்கொண்டிருந்தேன். வீண் வேலை. கோப்பை எடிட்டரில் திறந்திருந்தாலே புள்ளிகள் அத்தனையும் அதனதன் இடத்தில் இருப்பது தெரிந்திருக்கும். எங்கே தப்பு என்று தெரியாதபோது நமக்குப் பிடிக்காத ஒன்றின் மேல் பழியைப் போடுவது எவ்வளவு சுகமாக இருக்கிறது!

காலையில் காபியோடு அப்பா அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்தார். பென்சிலால் வட்டம் வட்டமாகப் போட்டிருந்தார்.

“இதுல பாரு. உயிரெழுத்து எல்லாம் முழுசா இருக்கு. உயிர்மெய்ல அகரம் ஏறினது மட்டும் தப்பிச்சிருக்கு. ஆய்தம் இருக்கு, ‘அஃத’ன்னு வந்திருக்கு பாரு. மெய் ஒண்ணுகூட இல்ல, கால், கொம்பு, சுழி எதுவும் இல்ல. புள்ளி மட்டும் போகலம்மா. எழுத்துக்கு மேல ஒட்டினது, பக்கத்துல ஒட்டினது எல்லாமே போயிருக்கு.”

இதைவிடத் துல்லியமான நோயறிதலை நான் வேலை பார்த்த எந்த அலுவலகத்திலும் கேட்டதில்லை.

உடனே கோப்பை மூடிவிட்டு, கையால் ‘மரம்’ என்று ஒரே சொல்லை எழுதி ஓட்டினேன். ‘மரம’ என்று வந்தது. அப்படியானால் கோப்பு நிரபராதி, டிஸ்கி நிரபராதி. ‘தமிழ்’ என்று கொடுத்தேன். ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டாக வந்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் குறியெண்ணை எடுத்துப் பார்த்தேன்: 2980, 2990, 3007, 2996, 3021. நமக்கு ‘தமிழ்’ மூன்று எழுத்து. கணினிக்கு ஐந்து. ‘மி’ என்பது மகரமும் ஓர் இகரக் குறியும், ‘ழ்’ என்பது ழகரமும் ஒரு புள்ளியும். 3007-உம் 3021-உம்தான் சல்லடையில் விழவில்லை.

பைதானுடனேயே யூனிகோடு அட்டவணையும் ஒரு மாட்யூலாக, அதாவது வேண்டும்போது சேர்த்துக்கொள்ளும் நிரல் தொகுப்பாக, வருகிறது. எந்தக் குறியைக் கொடுத்தாலும் அது எந்த வகை என்று சொல்லும். அகரமேறிய உயிர்மெய்யைக் கொடுத்தால் ‘எல்ஓ’ என்றது, அதாவது எழுத்து, பெரிய சின்ன பேதமில்லாதது. உயிரெழுத்தும் எல்ஓ. ஆய்தமும் எல்ஓ. துணைக்காலைக் கொடுத்தால் ‘எம்சி’, புள்ளியைக் கொடுத்தால் ‘எம்என்’. இந்த இரண்டிலும் எம் என்றால் குறி, இன்னோர் எழுத்தோடு ஒட்டிக்கொள்வது. தனக்கென்று இடம் எடுத்துக்கொள்ளும் குறி எம்சி, எடுத்துக்கொள்ளாதது எம்என். ‘கி’யில் இருக்கும் குறி எம்சியாம், ‘கீ’யில் இருப்பது எம்என்னாம். ஏன் என்று யோசித்துத் தலை வலித்ததுதான் மிச்சம். எப்படியானாலும், அப்பா பென்சிலால் வட்டம் போட்டவை அத்தனையும் எல்ஓ. போடாதவை அத்தனையும் எம்.

இந்த இடத்தில் ஒரு பழைய அவமானத்தைச் சொல்லியாக வேண்டும். வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், வரிக் கணக்கில் 2.675-ஐ இரண்டு தசமத்துக்கு முழுமையாக்கச் சொன்னேன். பைதான் 2.67 என்றது. பள்ளிக்கூடப் பிள்ளைக்குக்கூடத் தெரியும், 2.68 வர வேண்டும். “அண்ணா, பைதான்ல பக் இருக்கு” என்று சீனியரிடம் ஓடினேன். அவர் சிரிக்கவில்லை, அதுவரை நல்லவர். 2.675-ஐ இருபது தசமத்துக்கு அச்சிடச் சொன்னார். 2.67499999999999982 என்று ஆரம்பித்து நீண்டது. கணினியின் இரண்டடிமானத்தில் 2.675 என்ற எண்ணே சரியாக உட்காராது, அதற்கு மிக அருகில் இருப்பது இதுதான், இதை முழுமையாக்கினால் 2.67-தான். இந்த எடுத்துக்காட்டு பைதானின் ஆவணத்திலேயே இதே எண்ணோடு இருக்கிறது. “காசுக் கணக்குக்கு டெசிமல் மாட்யூல் எடு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். அன்றிலிருந்து ‘மொழியிலேயே பக்’ என்று வாயைத் திறக்கும் முன் பத்து தடவை பார்ப்பேன்.

அதனால் இந்த முறையும் வாயை மூடிக்கொண்டு ஒட்டுப்போட்டேன். டபிள்யூவோடு, தமிழுக்கான குறியெண்கள் முழுவதையும், அதாவது 2944 முதல் 3071 வரை, சேர்த்து ஒரு சதுர அடைப்புக்குள் போட்டேன். ‘மரம்’ முழுசாக வந்தது. அப்பாவும் மகிழ்ச்சி, நானும் சென்னைக்கு ரயிலேறினேன்.

பத்து நாளில் போன். குறிப்பு எழுதுவதற்கு ஒரு சொல் நூல்களில் எப்படியெல்லாம் வந்திருக்கிறது என்று வரியோடு பார்க்க வேண்டுமாம். அதுவும் எளிது என்று நினைத்தேன். சொல்லின் இரண்டு பக்கமும் பேக்ஸ்லாஷ் பி போட்டால் ‘இங்கே சொல் தொடங்க வேண்டும், இங்கே முடிய வேண்டும்’ என்று பொருள். ‘பல’ என்ற சொல்லைத் தேடும் நிரலை அனுப்பினேன்.

“என்னம்மா, பல-ன்னு தேடினா பல்லி வருது? பலா வருது, பல் வருது. பலம் மட்டும் வரல.”

தாளில் எழுதிப் பார்த்தேன். பேக்ஸ்லாஷ் பி என்பது, ஒரு பக்கம் சொல்லெழுத்தும் மறுபக்கம் சொல்லெழுத்து அல்லாததும் இருக்கிற இடம். பல்லியில் ‘ப’, ‘ல’, அதன் பிறகு புள்ளி. புள்ளி சொல்லெழுத்து இல்லை என்று பைதான் நினைப்பதால், லகரத்தோடு சொல் முடிந்தது என்று கொள்கிறது. பலாவிலும் அப்படியே, காலுக்கு முன்னால் முடிந்துவிடுகிறது. பலத்தில் லகரத்துக்கு அடுத்து மகரம், அது எல்ஓ, அதனால் அங்கே எல்லை இல்லை. இன்னும் மோசம், ‘மரம்’ என்று இதே முறையில் தேடினால் கிடைக்கவே கிடைக்காது. கடைசிப் புள்ளிக்கும் அடுத்த இடைவெளிக்கும் நடுவில் எல்லை இல்லை, ஏனென்றால் இரண்டுமே ‘சொல்லெழுத்து அல்லாதவை’. காட்டுக்குள் நின்றுகொண்டு மரம் இல்லை என்கிறது.

இப்போது கோபம் வந்துவிட்டது. ஒட்டுப்போட்டு ஓட்டுகிற கட்டம் தாண்டிவிட்டது. ஒரு சனிக்கிழமை பைதானின் மூல நிரலையே திறந்து உட்கார்ந்தேன்.

சி மொழியில் எழுதிய அந்தப் பகுதி நான் பயந்த அளவுக்குச் சிக்கலாக இல்லை. ஒரு குறி சொல்லெழுத்தா என்று கேட்டால், அது எழுத்தெண் வகையா அல்லது அடிக்கோடா என்று பார்க்கிறது, அவ்வளவுதான். எழுத்தெண் வகையா என்றால், அகரவரிசை எழுத்தா அல்லது ஏதாவது எண்ணா என்று பார்க்கிறது. அகரவரிசை எழுத்தா என்பதை யார் முடிவு செய்வது? யூனிகோடு அட்டவணையைப் பைதானுக்காகச் சமைத்துத் தரும் ஒரு துணை நிரல். அதில் ஒரே ஒரு வரி. வகையின் பெயர் எல் என்று தொடங்கும் ஐந்தில் ஒன்றானால் அகரவரிசை எழுத்து. எம்முக்கு அங்கே இடமே இல்லை. நான் தேடிக்கொண்டிருந்த புள்ளி தொலைந்தது இந்த வரியில்.

சரி, இது தப்பா? ஒரு சரத்தில், அதாவது குறிகளின் தொடரில், எல்லாம் எழுத்துதானா என்று கேட்கும் செயல்பாட்டின் ஆவணத்தைப் படித்தால், அந்த ஐந்து வகையையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, யூனிகோடு தரத்தில் உள்ள ‘அகரவரிசைப் பண்பு’ வேறு, இது வேறு என்று வெளிப்படையாகவே எழுதியிருக்கிறார்கள். அங்கே நான் வழக்குப் போட முடியாது. ஆனால் அந்த டபிள்யூவுக்கான ஆவணத்தில், எந்த மொழியிலும் சொல்லில் வரக்கூடிய பெரும்பாலான குறிகளும் இதில் அடங்கும் என்று பல வருடம் எழுதி வைத்திருந்தார்கள். தமிழில் எழுத்துக்கு எழுத்து குறி வருகிறது, புள்ளி வருகிறது, இதில் எங்கே இருக்கிறது பெரும்பாலான? பின்னால் வந்த பதிப்புகளில் அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டு, எழுத்தெண் செயல்பாடு எதையெல்லாம் ஏற்கிறதோ அதுதான் என்று திருத்திவிட்டார்கள். நிரல் அப்படியே இருக்க, ஆவணம் நிரலிடம் வந்து சேர்ந்துகொண்டது. நேர்மையான திருத்தம்தான். ஆனாலும் அதைப் படித்தபோது, பிழை திருத்தப் பட்டியலில் பிழையையே ‘சரி’ என்று குறித்துக் கையெழுத்துப் போட்டதுபோல் இருந்தது.

யூனிகோடு கன்சார்டியம் ரெகுலர் எக்ஸ்பிரஷனுக்கென்றே 18 என்ற எண்ணில் ஒரு தர ஆவணம் வைத்திருக்கிறது. அதன்படி சொல்லெழுத்து என்றால் அகரவரிசைப் பண்புள்ளவை, அவற்றோடு எல்லா எம் வகையும், பதின்ம இலக்கங்களும், அடிக்கோடு போன்ற இணைப்புக் குறிகளும். பெர்ல், ரஸ்ட் என்ற நிரல்மொழிகள் எம் வகையைச் சேர்த்துக்கொள்கின்றன. ஜாவாஸ்கிரிப்டிலும் கோ மொழியிலும் அந்த டபிள்யூ ஆங்கில எழுத்தையும் இலக்கத்தையும் அடிக்கோட்டையும் தாண்டாது. ஒரு விதத்தில் அது பரவாயில்லை. தமிழ் அறவே வராது, முதல் ஓட்டத்திலேயே தெரிந்துவிடும். பைதானில் பாதி வரும், அதுதான் வம்பு. ‘அகம’, ‘படம’, ‘நகர’ என்று பார்வைக்குத் தமிழ் மாதிரியே ஓடிக்கொண்டிருக்கும்.

பைதானை உருவாக்குகிறவர்களுக்குப் புகார் எழுத உட்கார்ந்தேன். எழுதும்போதுதான் ஒரு சங்கடம் தெரிந்தது. இதைப் படிக்கப்போகிறவருக்குத் தமிழ் தெரியாது. ‘மரம்’ கொடுத்தேன், ‘மரம’ வந்தது என்று எழுதினால் அவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்று, நடுவில் திரையில் ஒட்டிய தூசு மாதிரி ஒரு புள்ளி. அதனால் எண்ணாக எழுதினேன். கொடுத்தது 2990, 2992, 2990, 3021. வந்தது 2990, 2992, 2990. நாலு போட்டேன், மூன்று வந்தது. இது யாருக்கும் புரியும். அப்புறம் பைதான் பதிப்பு எண், ஒரே வரி நிரல், நான் எதிர்பார்த்தது, எதை வைத்து எதிர்பார்த்தேன் என்பது. என் பட்டியல், அப்பா, குறுக்கெழுத்து எல்லாவற்றையும் வெட்டினேன். கொஞ்சம் வருத்தமாகத்தான் இருந்தது, கதையில் நன்றாக இருந்ததே அப்பாதான்.

அனுப்பும் முன் ஏற்கெனவே யாராவது சொல்லியிருக்கிறார்களா என்று பைதானின் புகார்ப் பட்டியலில் தேடினேன். இருந்தது. எண் 12731, தேதி 2011 ஆகஸ்ட். பெர்ல் உலகில் பேர்பெற்ற டாம் கிறிஸ்டியன்சன் எழுதியது. நான் ஒரு சனிக்கிழமை முழுக்கச் செலவழித்துக் கண்டுபிடித்த அதே 18-ஆம் தரத்தைச் சுட்டிக்காட்டி, பைதான் அதை முழுக்க மீறுகிறது என்று தலைப்பிலேயே சண்டைக்கு நின்றிருந்தார். நான் பார்த்த அன்றும் அது மூடப்படாமல்தான் இருந்தது. அதற்கும் முன்னால் 2007 ஏப்ரலில் இன்னொன்று, எண் 1693050. ஏழிலக்க எண்ணாக இருப்பதற்குக் காரணம், பைதான் அதற்கு முன்பு பயன்படுத்திய வேறொரு தளத்திலிருந்து சுமந்துகொண்டு வந்தது. தேவநாகரியில் சொற்களைப் பிரிக்கப்போனவர் ஒருவர், சொற்கள் துண்டு துண்டாக உடைகின்றன, உயிர்க்குறிகளைச் சேர்க்கவில்லை போலிருக்கிறது என்று எழுதியிருந்தார். முகம் தெரியாத அந்த மனிதரும் ஒரு ராத்திரி எழுத்துருவைத் திட்டியிருப்பார் என்று நம்புகிறேன்.

ஏன் திருத்தவில்லை? சோம்பல் என்று சொல்ல மனம் வரவில்லை. இன்று ஓடிக்கொண்டிருக்கும் எத்தனையோ நிரல்கள் இப்போதைய டபிள்யூவை நம்பி இருக்கின்றன. அதை மாற்றினால், எங்கோ ஒரு தரவுக் குழாயில் நேற்று இரண்டாக வந்த சொல் நாளை ஒன்றாக வரும், அங்கே ஒருவர் புகார் எழுத உட்காருவார். அது நியாயமான பயம். ஆனால் அந்தப் பயத்தின் செலவு முழுவதும் குறி போட்டு எழுதுகிற மொழிக்காரர்கள் தலையில்தான் விழுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்த விவகாரத்தில் எனக்கு மிகவும் பிடித்தது வேறொன்று. பைதான் 3-இல் மாறிகளுக்குத் தமிழில் பெயர் வைக்கலாம். ‘மரம் = 5’ என்று எழுதினால் சமர்த்தாக ஓடும், அதற்கான விதி எம் வகையையும் ஏற்றுக்கொள்கிறது. பைதான் நிரலைப் பைதானே துண்டு துண்டாகப் பிரித்துப் பார்ப்பதற்கு டோக்கனைஸ் என்று ஒரு மாட்யூல் இருக்கிறது. அதில் ‘பெயர்’ என்றால் என்ன என்பதை எப்படி எழுதியிருந்தார்கள் தெரியுமா? அதே பேக்ஸ்லாஷ் டபிள்யூ, பிளஸ். அலுவலக மடிக்கணினியில் இருந்த 3.10 பதிப்பில் ‘மரம் = 5’ கொடுத்தேன். ‘மரம’ ஒரு பெயர் என்றது, அடுத்து வந்த புள்ளியைத் தனியாக எடுத்துப் ‘பிழை’ என்று முத்திரை குத்தியது. மொழி ஏற்றுக்கொண்டு ஓட்டுகிற நிரலை அந்த மொழியின் சொந்த நூலகத்தால் வாசிக்க முடியவில்லை. இதற்கு எந்த ஆவணத்தையும் காட்டித் தப்பிக்க முடியாது, இது பக்தான்.

வீட்டுக் கணினியில் 3.12. அங்கே அதே வரி ஒழுங்காக வந்தது. டபிள்யூவைத் திருத்திவிட்டார்களோ என்று ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். இல்லை. 2023 அக்டோபரில் வந்த அந்தப் பதிப்பில் எஃப்-சரங்களின், அதாவது நடுவில் மாறிகளை வைத்து எழுதும் சரங்களின், இலக்கணத்தை மாற்றியிருக்கிறார்கள். அதற்காக டோக்கனைஸ் மாட்யூலைப் பழைய ரெகுலர் எக்ஸ்பிரஷனை விட்டுவிட்டு, பைதானே உள்ளுக்குள் பயன்படுத்தும் சி நிரலின் மேல் உட்காரவைத்துவிட்டார்கள். யாரோ தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்ச, வழியில் இருந்த நம் வீட்டுக் கிணறும் நிறைந்தது.

நான் எழுதியதை அனுப்பவில்லை. 2011-இல் சொன்னதற்கு மேல் என்னிடம் புதிதாக ஒன்றும் இல்லை, ‘எனக்கும்தான்’ என்று ஒரு வரி போடுவதால் யாருக்கும் பயனில்லை. வரைவு இன்னும் மடிக்கணினியில் கிடக்கிறது.

அப்பாவுக்கு ரீஜெக்ஸ் என்ற வெளி மாட்யூலைப் போட்டுக் கொடுத்தேன். அதில் டபிள்யூ குறிகளைச் சேர்த்துக்கொள்கிறது, பல என்றால் பல மட்டும் வருகிறது. பேக்ஸ்லாஷ் பெரிய எக்ஸ் என்று ஒன்றும் உண்டு, பார்வைக்கு ஓர் எழுத்தாகத் தெரிவதை ஒன்றாகவே எடுக்கும். ‘பகட்டு’ என்றால் ப, க, ட், டு, நாலு கட்டம். நாலெழுத்து, மூன்றாவது ‘ட்’ என்று கேட்ட அன்றைய கேள்விக்கு முதல் விடை அதுதான் வந்தது. நடுவில் ஒரே சொல் இரண்டு தடவை தனித்தனியாக வந்து அரை நாள் படுத்தியது, ஒன்றுக்குள் கண்ணுக்குத் தெரியாத 8204 என்ற குறி ஒளிந்திருந்தது. அது என் கவனக்குறைவு, பைதானைச் சொல்லிக் குற்றமில்லை.

ஒன்று மட்டும் உறுத்தியது. ‘பக்ஷி’யைக் கொடுத்தால் ப, க், ஷி என்று மூன்றாகப் பிரிக்கிறது. திரையில் இரண்டெழுத்தாகத்தான் தெரிகிறது. எத்தனை கட்டம் என்று அப்பாவைக் கேட்டேன்.

“கிரந்தம் வர்ற சொல்ல நான் கட்டத்துல போடுறதே இல்லம்மா” என்றார்.